நரியின் வாயோரம் ஒட்டியிருந்த இறகு: எழுத்தறிவு என்றால் எழுத்து மட்டும்தானா?

நான் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த காலத்தில் நடந்தது இது. கதைப் புத்தகத்தில் ஒரு பக்கம். "கோழியைப் பார்த்தாயா?" என்று முயல் கேட்கிறது, "நான் பார்க்கவே இல்லை" என்கிறது நரி. எழுத்து என்று இருப்பது அந்த இரண்டு வரிதான். ஒரு சிறுமி எழுந்து, ஒரு ஒற்றைக்கூட விழுங்காமல் கணீரென்று வாசித்து முடித்தாள். "சரி, கோழி எங்கே போயிருக்கும்?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், மறுபடி முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பையன், எழுத்துக்கூட்டவே திணறுகிறவன், எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நரி பொய் சொல்லுது டீச்சர், வாயோரத்துல இறகு ஒட்டியிருக்கு பாருங்க."

அன்று மாலை குறிப்பேட்டில் சிறுமியின் பெயருக்கு நேரே 'நன்று' என்றும் பையனின் பெயருக்கு நேரே 'பயிற்சி தேவை' என்றும் எழுதினேன். இரண்டுமே தப்பில்லை. ஆனால் அந்தப் பக்கத்தின் முழுக் கதையும் எழுத்து சொல்வதற்கும் படம் காட்டுவதற்கும் நடுவில் இருந்த முரணில்தான் இருந்தது, அதைப் பிடித்தவன் 'பயிற்சி தேவை' பையன். இது எனக்கு உறைக்கச் சில வாரங்கள் ஆயின. எழுத்தறிவு என்ற சொல்லை இன்னும் விரிவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கல்வி பற்றி எழுதுகிறவர்கள் சொல்கிறார்களே, அது பெரிய தத்துவம் மாதிரி காதில் விழும், ஆனால் அடியில் இருப்பது இந்த நரிக் கதைதான்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் அது எழுத்து + அறிவு. சொல்லிலேயே எழுத்து உட்கார்ந்திருப்பதால் அது தெரிந்தால் முடிந்தது கதை என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர் ஒரு பக்கம், கைநாட்டு மறுபக்கம். ஆனால் 'படி' என்ற நம்முடைய இன்னொரு சொல் இவ்வளவு கறார் இல்லை. முகத்தைப் படிக்கிறோம், மனசைப் படிக்கிறோம், ஆளைப் பார்த்ததும் படித்துவிட்டேன் என்கிறோம். கண்ணுக்குத் தெரிகிற அடையாளத்திலிருந்து தெரியாத பொருளுக்குப் போவதுதான் படிப்பது என்று பேச்சுத் தமிழுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது, குறிப்பேட்டுக்குத்தான் தெரியவில்லை.

இன்னொன்று, எழுத்தறிவுக்கு என்றைக்கும் ஒரே பொருள் இருந்ததில்லை. சுவீடனில் 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் எல்லோரும் வாசிக்கக் கற்க வேண்டும் என்றது, பாதிரியார்கள் வீடு வீடாகச் சோதித்தார்கள். விளைவு, வாசிக்கத் தெரிந்த, ஆனால் எழுதத் தெரியாத மக்கள் ஏராளமாக இருந்தார்கள். எழுதுவதை யாரும் கேட்கவே இல்லை. 1958இல் யுனெஸ்கோ, அன்றாட வாழ்க்கை பற்றிய எளிய சிறு குறிப்பு ஒன்றைப் புரிந்து வாசிக்கவும் எழுதவும் தெரிந்தவரே எழுத்தறிவுள்ளவர் என்றது. இருபது ஆண்டு கழித்து 1978இல், தன் சமூகத்தில் இயங்கத் தேவையான அளவுக்கு அந்தத் திறன் பயன்பட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டது. கவனியுங்கள், பாதிரியார் தேடியது ஓர் ஆளை, யுனெஸ்கோ தேடியது வேறோர் ஆளை. கேட்கிறவர் மாறினால் எழுத்தறிவுள்ளவர்களின் பட்டியலும் மாறிவிடுகிறது.

அப்புறம் 1994இல் அமெரிக்காவின் நியூ லண்டன் என்ற சிறு ஊரில் பத்துக் கல்வியாளர்கள் கூடிப் பேசினார்கள். 1996இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைதான் இன்று எல்லோரும் சொல்கிற 'பன்முக எழுத்தறிவு' என்ற கருத்தைப் பரப்பியது. அவர்கள் சொன்னது முக்கியமாக இரண்டு. ஒன்று, எழுத்து இப்போது தனியாக வருவதில்லை, படம், ஒலி, உடலசைவு, பக்கத்தில் எது எங்கே இருக்கிறது என்ற இட அமைப்பு எல்லாவற்றோடும் கலந்து வருகிறது. இரண்டு, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒரே மொழியோடும் ஒரே பேச்சோடும் வருவதில்லை. பின்லாந்து இதைத் தன் தேசியப் பாடத்திட்டத்திலேயே சேர்த்து 2016 முதல் பள்ளிகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது, அதுவும் மொழிப் பாடத்துக்கு மட்டுமாக இல்லை, எல்லாப் பாடங்களுக்கும் பொதுவாக.

எளிமையாகச் சொல்லப் போனால் எழுத்தறிவு என்பது இதுதான்: யாரோ ஒருவர் பொருள் வைத்து உண்டாக்கிய அடையாளத்திலிருந்து அந்தப் பொருளை எடுக்கத் தெரிவதும், நாமும் அப்படி ஒன்றை உண்டாக்கத் தெரிவதும். எழுத்து அந்த அடையாளங்களில் ஒன்று. மிக வலிமையான ஒன்று, ஆனால் ஒன்று.

இனி அந்தச் சிறுமிக்கு வருவோம், அவளை அப்படியே விட்டுவிட மனசில்லை. அவளுக்கு என்ன குறை? 1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன் பெருக்கல் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன், விடை வாசித்துப் புரிந்துகொள்வது. இதைக் கூட்டலாக இல்லாமல் பெருக்கலாகச் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. கூட்டல் என்றால் ஒன்று குறைந்தாலும் மற்றது ஈடுகட்டிவிடும், பெருக்கலில் ஒரு பக்கம் பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். சிறுமிக்கு முதல் எண் பெரிதாக இருந்தது, இரண்டாவதை நான் கவனிக்கவே இல்லை. பையனுக்கு நேர் எதிர். ஆகவே இரண்டு பேருக்குமே பயிற்சி தேவை, வேறு வேறு பயிற்சி.

அந்த இரண்டாவது எண்ணுக்குள் ஒரு முழு உலகம் இருக்கிறது. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் அமெரிக்க மாணவர்களுக்கு பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியைக் கொடுத்து, நடந்ததைச் சின்ன மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பலவீனமானவர்கள் என்று பெயர் வாங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், ஆட்டம் தெரியாத நல்ல வாசிப்பாளர்களைவிட நன்றாகச் செய்தார்கள். 'வாசிப்புத் திறன்' என்று நாம் மதிப்பெண் போடும் பொருள் தலைக்குள் தனியாக ஒரு பெட்டியில் இல்லை. எதைப் பற்றி வாசிக்கிறோம் என்பதும் அதில் பாதி.

சரி, வகுப்பில் இது எப்படி இருக்கும்? எனக்குப் பிடித்த உதாரணம் அம்புக்குறி. மூன்றாம் வகுப்பு அறிவியல் புத்தகம் ஏதாவது ஒன்றைத் திறந்து அம்புக்குறிகளை மட்டும் பாருங்கள். முட்டையிலிருந்து புழுவுக்கு ஓர் அம்பு போகிறது, அங்கே அதற்கு 'இது அதுவாக மாறுகிறது' என்று பொருள். பூவின் படத்தில் இதழை நோக்கி ஓர் அம்பு, அதற்கு 'இதன் பெயர் இது'. நீர்ச் சுழற்சியில் மேலே போகும் அம்பு 'இது இங்கிருந்து அங்கே போகிறது'. உணவுச் சங்கிலியில் புல்லிலிருந்து முயலுக்கு, முயலிலிருந்து நரிக்கு. அந்த அம்பைப் பிள்ளைகள் எப்படி வாசிக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? "புல் முயலைத் தின்னுது." சிரிக்காதீர்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. யார் எதைத் தின்கிறார்கள் என்று சுட்டிக்காட்ட வேண்டும் என்றால் முயலிலிருந்து புல்லுக்குத்தானே விரல் நீளும்? அந்த அம்பு தின்பதைக் காட்டவில்லை, சத்து எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் காட்டுகிறது. இதை நாம் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. 'க'வை எப்படிச் சுழிப்பது என்று ஒரு வாரம் நடத்துகிறோம், அம்புக்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்குவதில்லை, பிறகு தேர்வில் தப்பாக எழுதிவிட்டு வந்தால் 'அறிவியல் புரியவில்லை' என்கிறோம். அவனுக்கு அறிவியல் புரிந்திருக்கலாம், அம்பு புரியவில்லை.

ஒருநாள் புத்தகத்தில் உள்ள அம்புகளை எல்லாம் தேடச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது பேசினால் என்ன சொல்லும் என்று பென்சிலில் ஒரு சொல் எழுத வைத்தேன். 'மாறும்', 'போகும்', 'பெயர்', 'பிறகு'. ஒரே பீரியடில் வாசிப்பு, எழுத்து, அறிவியல் மூன்றும் நடந்தன. இதற்குத் தனி நேரம் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான், தனி நேரம் தேவைப்படுவதில்லை, ஏற்கெனவே நடத்துகிற பக்கத்திலேயே இன்னும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கணக்கிலும் இதே கதைதான். எண்ணையும் எழுத்தையும் இரண்டு கண்ணாகச் சொல்லிப் பழகிய நமக்கு எண்ணறிவு புதிதில்லை. ஆங்கிலத்தில் அதற்கான சொல்லே 1959இல் இங்கிலாந்தில் வந்த கிரவுதர் கல்வி அறிக்கையில்தான் உருவானது. பிள்ளை பட்டை வரைபடத்தில் உயரமான பட்டையைப் பார்த்து "இதுதான் பெரிய பழம்" என்று சொன்னால் அது எண்ணில் வந்த தப்பு இல்லை, படத்தை வாசித்ததில் வந்த தப்பு.

ஆசிரியர் கையில் வைத்துக்கொள்ள ஏதாவது ஒரு சட்டகம் வேண்டும் என்றால் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ஆலன் லூக், பீட்டர் ஃப்ரீபாடி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1990இல் சொன்னது நல்லது. ஒரு வாசிப்பாளர் நான்கு வேலை செய்கிறார் என்றார்கள்: அடையாளத்தை உடைத்து ஒலியாக்குகிறார், பொருளில் பங்கெடுக்கிறார், அதை ஒரு காரியத்துக்குப் பயன்படுத்துகிறார், இதை எழுதியவர் என்னிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறார் என்று ஆராய்கிறார். கேட்க வறட்சியாக இருக்கும், ஒரு பொம்மைக் கார் வந்த அட்டைப்பெட்டியை வகுப்புக்கு எடுத்துப் போங்கள், உயிர் வந்துவிடும். மேலே காரின் பெயர், நெருப்பைத் தாண்டி அந்தரத்தில் பறக்கும் கார். அடியில், எறும்பு மாதிரி, 'பேட்டரி தனியாக வாங்க வேண்டும்'. பெயரைக் கூட்டி வாசிப்பது முதல் வேலை. கார் நிஜமாகவே பறக்குமா என்று பேசுவது இரண்டாவது, இதில் சண்டையே வரும். இதை எந்த வயதுப் பிள்ளைக்கு வாங்கலாம் என்று பெட்டியிலேயே தேடிக் கண்டுபிடிப்பது மூன்றாவது, குறுக்குக் கோடு போட்ட குழந்தை முகம் எதற்கு என்பதும் அங்கே வந்துவிடும். நான்காவதை நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அளவுகோலை வைத்துப் பெட்டியில் உள்ள எழுத்துகளை அளந்துகொண்டிருந்த ஒருத்தி, காரின் பெயர் 4 செ.மீ., பேட்டரி வரி 2 மி.மீ. என்று எழுதிவிட்டு, "ஏன் டீச்சர் இதை மட்டும் ஒளிச்சு எழுதியிருக்காங்க?" என்றாள். எட்டு வயது. எழுத்தின் உருவ அளவே ஒரு சேதி என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

இந்த நான்காவது வேலை பெரிய வகுப்புகளுக்கானது என்று தள்ளிப்போடுகிறோம், அதற்கான விலையைப் பிறகு கொடுக்கிறோம். மரத்தில் வாழும் அரிய ஆக்டோபஸ் ஒன்று அழிந்துவருகிறது என்று 1998இல் ஒருவர் விளையாட்டாக ஓர் இணையதளம் போட்டார். படம், வரைபடம், அறிவியல் பெயர் எல்லாம் கச்சிதம். பின்னால் அமெரிக்க ஆய்வாளர்கள் அதை ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குக் காட்டியபோது, இணையத்தில் நன்றாக வாசிப்பவர்கள் என்று பெயர் எடுத்த பிள்ளைகளே நம்பினார்கள். அவர்களுக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை. 'இதைச் சொல்வது யார்' என்ற கேள்வி பழக்கத்தில் இல்லை. அந்தப் பழக்கம் பொம்மைப் பெட்டியில் தொடங்கலாம்.

வாசிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், எழுதுவதும் இதில் பாதி. நியூசிலாந்து ஆய்வாளர் மேரி க்ளே 1960களிலேயே, பள்ளிக்கு வரும் முன்பே பிள்ளைகளிடம் எழுத்தறிவு முளைவிடத் தொடங்கிவிடுகிறது என்று காட்டினார். கிறுக்கல் வெறும் கிறுக்கல் இல்லை. இடமிருந்து வலமாகப் போகிறதா, வரியாக இருக்கிறதா, படத்திலிருந்து தள்ளி இருக்கிறதா என்று பார்த்தாலே பிள்ளைக்கு எழுத்தைப் பற்றி ஏற்கெனவே என்னென்ன தெரியும் என்பது தெரிந்துவிடும். படத்துக்குக் கீழே 'அமா' என்று எழுதி வரும் குழந்தை தப்பு செய்திருக்கிறாள், ஆமாம், ஒற்று இல்லை. ஆனால் ஒரு சொல்லைக் காதால் உடைத்து, துண்டுகளுக்கு எழுத்துத் தேடி, வரிசையாக வைத்திருக்கிறாள். அவளைச் சொல்ல வைத்து, உதடு ஒட்டுகிற அந்த நேரம் கொஞ்சம் நீளுகிறதே, அதற்கும் ஓர் எழுத்து வேண்டாமா என்று கேட்பது சிவப்பு மையால் சுழிப்பதைவிட வேகமாக வேலை செய்கிறது.

வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளைப் பற்றி, ஆறு புள்ளிகளில் பிரெய்ல் வாசிக்கும் விரல்களைப் பற்றி, தனக்கென்று முழு இலக்கணம் உள்ள சைகை மொழிகளைப் பற்றி எல்லாம் தனித்தனியாக எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும்: அந்தப் பிள்ளைகள் எழுத்தறிவு இல்லாமல் வரவில்லை, நமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தறிவோடு வருகிறார்கள்.

இனி என் மனசில் உள்ள கசப்பு. இந்தக் கருத்து நல்லது என்று சொல்லிக்கொண்டே இதைக் கெடுக்கிறவர்கள் நிறையப் பேர். முதல் வகை, எல்லாவற்றையும் எழுத்தறிவு ஆக்குகிறவர்கள். உணர்ச்சி எழுத்தறிவு, பண எழுத்தறிவு, உடல்நல எழுத்தறிவு, நாளைக்குத் தூக்க எழுத்தறிவும் வரும். எல்லாம் தேவையான அறிவுதான், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் அந்தப் பெயரால் பயனில்லை. நான் வைத்திருக்கும் சோதனை சாதாரணமானது: யாரோ ஒருவர் உண்டாக்கிய அடையாளம் இருக்கிறதா, அதை வேறொருவர் வாசிக்க வேண்டியிருக்கிறதா? இருந்தால் எழுத்தறிவு, இல்லாவிட்டால் வேறு நல்ல பெயர் வைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது வகைதான் ஆபத்து. பல வழிகளில் பொருள் சொல்லலாம் என்றதும், எழுத முடியாத பிள்ளையிடம் "நீ படம் வரைந்தால் போதும்" என்று சொல்லிவிடுவது. கேட்க அன்பாக இருக்கிறது. மினுமினுப்புத் தாள் ஒட்டிய போஸ்டர் சுவரில் அழகாகவும் இருக்கும். ஆனால் மூன்று வருடம் போஸ்டர் ஒட்டிவிட்டு நான்காம் வகுப்பில் அந்தப் பிள்ளை ஒரு பத்தியை வாசிக்க முடியாமல் நின்றால் அந்த அன்புக்கு என்ன பெயர் வைப்பது? வீட்டில் புத்தகம் இருக்கும் பிள்ளை எப்படியோ தேறிவிடும், பள்ளியைத் தவிர வேறு வழி இல்லாத பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை நேரடியாக, முறையாக, தினமும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. 2000இல் வந்த அமெரிக்க தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கையும் அதைத்தான் வலியுறுத்தியது. பெருக்கல் கணக்கை மறந்துவிட வேண்டாம், எந்தப் பக்கம் பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்தான்.

நடைமுறையில் நான் மாற்றியது ரொம்பக் கொஞ்சம். குறிப்பேட்டில் பெயருக்கு நேரே ஒரு கட்டத்துக்குப் பதில் இரண்டு கட்டம், ஒன்று கூட்டி வாசிப்பதற்கு, மற்றது பொருள் பிடிப்பதற்கு. எந்தப் பக்கத்தை வாசித்தாலும் முடிவில் 'படம் சொல்வதில் எழுத்து சொல்லாதது எது?' என்று ஒரு கேள்வி. அந்தச் சிறுமி முதல் சில நாள் இதற்கு மிரண்டாள், வாசித்ததற்குப் பிறகும் வேலை இருக்கும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. பிறகு ஒருநாள், ஒரு கதையில் அழுகிற பாட்டி உண்மையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று முதலில் கண்டுபிடித்தது அவள்தான்.

பையனுக்கு வேறு வழி பிடித்தேன். நரிப் பக்கத்தை அவனையே வரையச் சொன்னேன், வரைந்துவிட்டு நரிக்குப் பக்கத்தில் அவன் கண்டுபிடித்த அந்த ஒரு சொல்லை எழுத வேண்டும். இறகை நரியைவிடப் பெரிதாக வரைந்திருந்தான். பக்கத்தில், அழுத்தி அழுத்தி, 'பெய்'. கொம்பு போட்டிருந்தான், கால் போடவில்லை. "இது மழைக்குச் சொல்ற வார்த்தை ஆச்சே" என்றேன். கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். பிறகு, அழிக்கவில்லை, நரியின் வாய்க்குப் பக்கத்தில் காலோடு 'பொய்' என்று புதிதாக எழுதினான். பழைய 'பெய்'க்கு மேலே ஒரு மேகத்தை வரைந்து, நரியின் தலையில் விழுகிற மாதிரி நாலு துளிகளைப் போட்டுவிட்டு, தாளை என்னிடம் நீட்டினான்.